மலைநாட்டிற் புகை போக்கிய வரலாறு

அளவை நூல் கற்கப் புகும் மாணவர் முதன்முதலில் எதிர்ப்படும் எடுத்துக்காட்டு மலையிற் காணும் புகையாகும். புகை தோன்றுதலால் அம்மலையில் நெருப்பு உண்டு எனத் துணிவர். அதற்கு ஒப்பாக அடுக்களையைக் காட்டுவர். தருக்க நூலாருக்குப் புகை ஓர் ஏது மட்டுமே. மறைந்து கிடக்கும் நெருப்பை அறிவித்தவுடன் அதன் வேலை முடிந்துவிடுகின்றது. மனித வாழ்க்கையிலோ புகை வெறும் அடையாளமாய் நின்றுவிடுவதில்லை. நெருப்பு எட்டாத அறையையும் அது எட்டுகின்றது. நெருப்பின் சுவாலையைக் காணாத மனிதனையும் அது கொல்லுகின்றது.

கட்டடம் ஒன்றில் தீப்பற்றிப் பலர் மாண்டனர் எனச் செய்தி வரும்போது, அவருட் பெரும்பாலோர் வெந்து இறந்தனர் என்றே நாம் எண்ணுகின்றோம். உண்மை வேறு. அத்தகைய விபத்துகளில் உயிர் இழப்போரிற் பலர் புகையினாலேயே இறக்கின்றனர். முற்றாக எரியாத பொருள்களினின்றும் வெளிப்படும் காபனோரொட்சைட்டு என்னும் வாயு நிறமும் மணமும் அற்றது. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான வலிமையோடு பிணையும். அதனைச் சுவாசித்தவன் தான் மயங்குவதை உணருமுன் மயங்கிவிடுகின்றான். போதாக்குறைக்குப் புகை கண்ணை மறைத்து, நாள்தோறும் நடந்த வழியையும் அறியாத வழியாக்கிவிடுகின்றது.

இப்பகையைக் கட்டடங்களினின்றும் அகற்ற மக்கள் செய்த முயற்சிகளின் வரலாற்றைக் கண்டி மலைநாட்டில் தொடங்கி ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வாறு தொடங்குதற்குக் காரணம் உண்டு. இன்று உயர்ந்த மாடிகளிற் புகையை அகற்றும் விசிறிகள் எந்நெறியைப் பின்பற்றி இயங்குகின்றனவோ, அந்நெறியை இம்மலைகளின் கோப்பிக் களஞ்சியங்களும் தேயிலை இஸ்டோர்களும் நெடுங்காலத்திற்கு முன்னரே கையாண்டன. ஆயின் அவை காத்தது மனித உயிரையன்று, விளைபொருளின் விலையை. அவ்வேறுபாடே இவ்வரலாற்றின் உயிர்நிலை என்பது போகப்போகப் புலப்படும்.

பழைய வழி

காற்றுக்கு வழி விடுதல் தமிழருக்குப் புதிதன்று. சாளரத்துக்குப் பழந்தமிழில் வழங்கிய பெயர்களுள் ஒன்று காலதர் என்பது. கால் என்றாற் காற்று; அதர் என்றால் வழி. கோயில் மடைப்பள்ளிகளிற் கூரைக்கும் சுவருக்கும் இடையே திறப்பு விட்டனர்; யாழ்ப்பாணத்துக் கல்வீடுகளில் அடுப்புக்கு மேலே புகைக்கூடு எழுப்பினர். இவையெல்லாம் ஓர் எளிய இயற்கை விதியைச் சார்ந்தவை. சூடேறிய காற்று பாரம் குறைந்து மேலெழும்; அது போகும் இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த காற்று உட்புகும். கூடு எவ்வளவுக்கு உயர்கின்றதோ அவ்வளவுக்கு இழுப்பும் மிகும்.

இந்த விதி மனிதனுக்கு உதவுவது போலவே அவனுக்கு எதிராகவும் வேலை செய்யும். பல மாடிக் கட்டடத்தின் படிக்கூடம், மின்னுயர்த்தி செல்லும் குழி, குழாய்களும் மின்கம்பிகளும் ஏறும் துளை ஆகிய ஒவ்வொன்றும் உருவத்தில் ஒரு புகைக்கூடே. கீழ்த்தளத்தில் மூண்ட தீயின் புகை இவ்வழிகளில் ஏறி மேல்தளத்தை நிரப்புதற்குச் சில நிமிடங்களே போதும். மக்கள் இறங்குதற்கென அமைத்த படியே புகை ஏறுதற்கு ஏற்ற வழியாகிவிடுகின்றது.

கோப்பியும் கொக்கோவும்

கண்டி நகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கைக்கு அப்பால், தும்பறைப் பள்ளத்தாக்கிற் பல்லேகல என்னும் ஊர் உள்ளது. கண்டியரசர் காலத்தில் வீர நரேந்திரசிங்கன் அரண்மனை அமைத்து வாழ்ந்த குண்டசாலை இதன் அயலூர். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தோட்டக்காரர் இப்பள்ளத்தாக்கை நாடி வந்தனர். அவருள் முதன்மையானவர் ரொபேட் பொய்ட் டைட்லர். மேற்கிந்தியத் தீவுகளிற் கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கற்று 1837ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அவர், அந்நாட்டு முறையை இங்கே பரப்பினார். பிற்காலத்திற் பல்லேகலைத் தோட்டத்திற் கொக்கோவைப் பயிரிட்டு அப்பயிருக்கு இந்நாட்டில் வழிகாட்டியவரும் அவரே.

கோப்பிக்கும் கொக்கோவுக்கும் பொதுவான இடர் ஒன்று உண்டு. பறித்துப் பதப்படுத்திய விதையைக் காலத்தில் உலர்த்தாவிடிற் பூஞ்சணம் பற்றும். வெயிலுள்ள நாளிற் களத்திற் பரப்பி உலர்த்தலாம். மழை நாளில் நெருப்பை நாடுதல் வேண்டும். நெருப்பை நாடினாற் புகை கூடவே வரும். கொக்கோ விதையிற் கொழுப்பு மிகுதி. கொழுப்புப் பொருள் அயலிலுள்ள மணத்தை எளிதிற் கவரும். ஒருமுறை புகை மணம் ஏறிய விதையை எவ்வாற்றானும் திருத்தல் இயலாது. அது சந்தையிற் குறைந்த விலைக்கே போகும்.

இவ்விடருக்குத் தீர்வு கண்டவருள் வில்லியம் கிளெரிஹியூ என்னும் மலைநாட்டுக் கோப்பித் தோட்டக்காரர் நினைக்கத்தக்கவர். அவர் அமைத்த உலர்த்தும் மனையில், காற்றுப் புகும் சந்துகளால் ஆன தளத்திற் கோப்பியைப் பரப்பி, அறையை நாற்புறமும் அடைத்து, கீழே சூடேற்றிய காற்றைக் கோப்பியின் ஊடாக விசிறியினால் இழுத்து வெளியேற்றினர். 1851ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற மாபெரும் பொருட்காட்சியில் இவ்வமைப்பின் மாதிரிகள் வைக்கப்பட்டன. பின்னர் இலங்கைத் தோட்டக்காரரிடையே இத்தகைய மனைகள் அவர் பெயராலேயே வழங்கின.

இங்கு ஆராய்தற்குரியது விசிறியின் இடம். விசிறி என்றவுடன் காற்றை நம்மேல் வீசும் கருவியையே நாம் நினைப்போம். கிளெரிஹியூவின் விசிறி காற்றை வீசவில்லை. அடைத்த அறையினின்றும் உறிஞ்சியது. உறிஞ்சப்பட்ட அறையில் அழுத்தம் குறைய, புதுக்காற்று தான் வரவேண்டிய வழியாகவே வந்தது. அடைத்த இடமொன்றிற் காற்று எவ்வழி புகவேண்டும், எவ்வழி போகவேண்டும் என்பதை மனிதன் தீர்மானிக்கலாம் என்பதே அவ்வமைப்பின் உட்பொருள். புகையடக்கும் கலை முழுவதும் இவ்வொரு கருத்தின் விரிவே எனலாம்.

தேயிலையும் விசிறியும்

1869ஆம் ஆண்டிற் கோப்பி இலையிற் கண்ட துருநோய் இருபது ஆண்டுக்குள் அப்பயிரை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1867ஆம் ஆண்டிற் கண்டிக்குத் தென்கிழக்கே உள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். தொடக்கத்தில் அவர் தம் பங்களாவின் விறாந்தையிற் கொழுந்தை உருட்டி, களிமண் அடுப்புகளிற் கரிநெருப்பின்மேல் தட்டுகளில் இட்டு உலர்த்தினார். விறகை விட்டுக் கரியைக் கொண்டதன் காரணம் புகையே. நன்கு கனன்ற கரி கண்ணுக்குத் தெரியும் புகையை அதிகம் விடாது. ஆயினும் கரிச்சூட்டில் நாள் முழுதும் நின்று தட்டுகளைப் புரட்டியவர் சுவாசித்த வாயுவை எவரும் அளந்ததில்லை.

கரியடுப்பை விலக்கியவர் அயர்லாந்தைச் சேர்ந்த சாமுவேல் கிளெலண்ட் டேவிட்சன். 1864ஆம் ஆண்டில் அசாமின் கச்சார்ப் பகுதிக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த அவர், உலர்த்தும் பொறிகளை ஆராய்ந்து, 1881ஆம் ஆண்டிற் பெல்பாஸ்ட் நகரில் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கினார். பாலைவனத்து வெங்காற்றின் பெயரான சிரொக்கோ என்பதைத் தம் பொறிகளுக்கு இட்டார். அப்பெயரை மலைநாட்டு இஸ்டோர்களில் வேலை செய்தோர் நன்கு அறிவர். சிரொக்கோப் பொறியில் நெருப்பின் புகை இரும்புக் குழாய்களின் வழியே சென்று புகைபோக்கியால் வெளியேறும். அக்குழாய்களைத் தொட்டுச் சூடேறிய தூய காற்று மட்டுமே தேயிலையைச் சேரும். வெப்பத்தையும் புகையையும் ஒன்றினின்று ஒன்று பிரித்ததே அவர் செய்த பெரும்பணி.

1898ஆம் ஆண்டில் டேவிட்சன் புதுவகை விசிறி ஒன்றுக்கு உரிமை பெற்றார். உருளையின் விளிம்பிற் பல சிறிய தகடுகளை முன்வளைவாக அமைத்த அவ்விசிறி, சிறிய உருவத்தோடு மிகுந்த காற்றைச் செலுத்த வல்லது. தேயிலைக்காகப் பிறந்த விசிறி தேயிலையோடு நின்றுவிடவில்லை. சுரங்கங்களிலும் கப்பல்களிலும் பெருங்கட்டடங்களிலும் அது புகுந்தது. 1903ஆம் ஆண்டிற் பெல்பாஸ்டில் திறக்கப்பட்ட றோயல் விக்டோரியா மருத்துவமனை, நோயாளர் கூடங்களுக்கு விசிறியாற் காற்றைச் செலுத்திய முன்னோடிக் கட்டடங்களுள் ஒன்று. அங்கே காற்றை உறிஞ்சாது உள்ளே தள்ளினர். தள்ளப்பட்ட காற்றினால் உள்ளழுத்தம் சற்று மிக, வெளிக்காற்று தன் விருப்பப்படி உட்புகுதல் அரிதாயிற்று. உறிஞ்சுதல், தள்ளுதல் என்னும் இருநெறியும் இவ்வாறு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பொறியியலாளர் கைக்கு வந்துவிட்டன.

லயத்து அடுப்பு

இத்துணை நுண்மையோடு புகையை அடக்கிய இஸ்டோரினின்றும் சில நூறு அடி தொலைவில் இருந்தது லயம். கொழுந்தைப் பறித்தவரும் உலர்த்தியவரும் வாழ்ந்த அந்நெடுங்கட்டடத்திற் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஒற்றைக் காம்பிரா ஒரு குடும்பத்துக்கு வீடு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களிற் பின்புறச் சுவருக்குத் திறப்பு இருத்தல் இயலாது. உள்ளேயோ இறப்பின் கீழோ விறகடுப்பு எரிந்தது. புகைக்கூடு இல்லை. தேயிலையிற் புகை மணம் ஏறினால் இலண்டன் தரகர் உடனே எழுதுவார். துரை உடனே குழாயைத் திறந்து பார்ப்பார். லயத்துப் பெண்ணின் நெஞ்சிற் புகை ஏறியதை எழுதுதற்குத் தரகர் இல்லை.

இது தோட்டங்களுக்கு மட்டும் உரிய குறையன்று. ஏழைகளின் அடுக்களை உலகெங்கும் இவ்வாறே இருந்தது. ஐதராபாத்தின் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு என்பார் புகைபோக்கியோடு கூடிய எளிய மண்ணடுப்பை அமைத்து, அதனைப் பரப்பும் பொருட்டு 1953ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலும் வெளியிட்டார். அதன் பின்னர் எத்தனையோ திட்டங்கள் வந்தன. எனினும் வீட்டுக்குள் எழும் புகையினால் 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் மாண்டனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஆங்காங்கே அமைத்த புகைபோக்கிகள் பல, கரி அடைத்தும் வெடித்தும் சில ஆண்டுகளிற் பயனற்றுப் போயின. அமைத்தது ஒருவர், பேண வேண்டியவர் யார் என்பது தீர்மானிக்கப்படவில்லை.

அரங்குகள் தந்த பாடம்

பொதுக் கட்டடங்களிற் புகையை அடக்கவேண்டும் என்னும் எண்ணம் நாடக அரங்குகளின் அழிவினாற் பிறந்தது. 1881ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் வியன்னா நகரின் வட்ட அரங்கில் மேடையில் மூண்ட தீ நூற்றுக்கணக்கானோரைப் பலி கொண்டது. அதன் பின்னர் அந்நகரப் பொறியியலாளர் சிறிய மாதிரி அரங்கொன்றை அமைத்து அதில் தீ மூட்டி ஆராய்ந்தனர். மேடையின் கூரையிற் போதிய திறப்பு இருப்பின், புகை மக்கள் இருக்கும் பக்கம் திரும்பாது கூரை வழியே போய்விடும் என்பதை அவர் கண்கூடாகக் கண்டனர்.

கண்ட உண்மை நூலில் இருந்தது, கூரைக்கு ஏறவில்லை. 1903ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இரோகுவா அரங்கம் தீப்பற்றியது. திறக்கப்பட்டு ஐந்து கிழமையே ஆன புதிய கட்டடம் அது. மேடைக்கு மேலே கூரையிற் புகைபோக்கும் திறப்புகளும் அமைந்திருந்தன. ஆனால் அவை திறவாதபடி அடைக்கப்பட்டிருந்தன. வெளியேற வழியற்ற புகையும் வெப்பமும் மக்கள் இருந்த பக்கம் பாய்ந்தன. 602 பேர் மாண்டனர். திறப்பே இல்லாத அரங்கைக் காட்டிலும், இருந்தும் திறவாத அரங்கு கொடியது. முன்னதில் மக்கள் ஏமாற்றப்படவில்லை.

இதற்கு ஒத்த துயரங்கள் நம் அயலிலும் நிகழ்ந்தன. 1997ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் தில்லி உபஹார் திரையரங்கின் கீழ்த்தளத்தில் மின்மாற்றியில் மூண்ட தீயின் புகை படிக்கூடத்தாலும் குளிர்காற்றுக் குழாய்களாலும் மேல்மாடத்துக்கு ஏறியது. மாண்ட 59 பேரும் தீயை அணுகாது மூச்சடைத்தே இறந்தனர். கூடுதல் இருக்கைகளுக்காக ஒரு வெளிவழி அடைக்கப்பட்டிருந்தது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் கொல்கத்தாவின் அம்ரி மருத்துவமனையில் நிலக்கீழ்த்தளத்தில் எழுந்த புகை மேல்தளங்களிற் கிடந்த நோயாளரை அடைந்தது. ஏறக்குறைய 90 பேர் உயிர் துறந்தனர். நல்ல காற்றைக் கொண்டுவர அமைத்த குழாய், அடைக்கும் கதவு உரிய நேரத்தில் மூடாவிடின், நச்சுக்காற்றையும் கொண்டுவரும் என்பதற்கு இவை சான்று.

கண்டி நகரமும் இதனை அறியாததன்று. 2019ஆம் ஆண்டு ஜனவரி மாதம் யட்டிநுவர வீதியில் ஒரு மாடிக் கட்டடம் தீப்பற்றியது. மேல் மாடியில் வாழ்ந்த குடும்பம் படி வழியே இறங்க இயலாது நின்றது. தந்தை தம் பிள்ளைகளை ஒவ்வொருவராக மேலிருந்து கீழே விட, வீதியிற் கூடிய மக்கள் அவரைத் தாங்கிக் காத்தனர். குடும்பம் முழுவதும் உயிர் தப்பியது. அவர்தம் துணிவையும் அயலாரின் அன்பையும் போற்றாதார் இல்லை. ஆனால் ஒரு குழந்தையின் உயிர் கீழே நிற்பவர் கைவன்மையைச் சார்ந்திருத்தல் ஒரு நகரத்துக்கு அழகாகாது. படிக்கூடம் புகையின்றி இருக்குமாயின் அக்குழந்தை நடந்தே இறங்கும்.

இன்றைய அமைப்பு

இன்று பெருங்கட்டடங்களிற் கையாளப்படும் புகையடக்கு முறைகளை மேற்கூறிய இருநெறியுள் அடக்கலாம். உறிஞ்சும் நெறியில், தீ மூண்ட தளத்தினின்றோ உயர்ந்த கூடத்தின் உச்சியினின்றோ புகையை விசிறி இழுத்து வெளியேற்றும். கீழே தூய காற்று புகுதற்கும் வழி விடப்படும். பரந்த தொழிற்சாலைகளிற் கூரைத் திறப்புகளும், புகை பக்கவாட்டிற் பரவாதபடி கூரையினின்று தொங்கும் தடுப்புகளும் இவ்வேலையைச் செய்யும். 1953ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் லிவோனியாவில் ஒரே கூரையின்கீழ்த் தடுப்பின்றி விரிந்திருந்த மோட்டார் உறுப்புத் தொழிற்சாலை எரிந்தழிந்த பின்னரே இவ்வமைப்பைப் பற்றிய ஆராய்ச்சி வலுப்பெற்றது.

தள்ளும் நெறியில், படிக்கூடத்துள் விசிறி தூய காற்றைச் செலுத்தி அங்கே அழுத்தத்தைச் சற்று உயர்த்தி வைக்கும். கதவின் சந்துகளிற் காற்று உள்ளிருந்து வெளியே பாயுமேயன்றி வெளியிலுள்ள புகை உட்புகாது. இங்கே அளவறிந்து செய்தல் இன்றியமையாதது. அழுத்தம் குறைந்தாற் புகை புகும். மிகுந்தாற் கதவைத் திறத்தல் இயலாது. பரவலாகக் கையாளப்படும் அமெரிக்க விதி, நீர் தெளிக்கும் அமைப்புள்ள கட்டடங்களில் அழுத்த வேறுபாடு 12.5 பாஸ்கலுக்குக் குறையலாகாது என்றும், கதவைத் திறக்கும் விசை 133 நியூட்டனுக்கு மிகலாகாது என்றும் வரையறுக்கின்றது. 2005ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதி 50 பாஸ்கலையும் 100 நியூட்டனையும் குறித்தது. முதியவரும் சிறுவரும் தள்ளித் திறக்கத்தக்க கதவே கதவு என்பது இவ்விதிகளின் உட்கிடை.

சோதனையின் இன்றியமையாமை

தேயிலை இஸ்டோரின் விசிறி நாள்தோறும் சுழலும். அதன் பட்டி தளர்ந்தாற் கொழுந்து உலராது. குழாய் வெடித்தாற் சாயத்திற் புகை மணக்கும். சுவை பார்ப்போர் நாள்தோறும் சுவைக்கின்றனர். அவர் நாவே ஒரு சோதனைக் கருவி. ஆதலின் அங்கே குறை ஒருநாளைக்கு மேல் மறைந்திருத்தல் அரிது. படிக்கூடத்துப் புகைவிசிறியின் நிலை இதற்கு நேர்மாறானது. ஆண்டுக்கணக்கில் அது அசையாது இருக்கும். எலி கம்பியைக் கடித்தாலும், சுழலச்சிற் துருவேறினாலும், காற்றுக்கதவு இறுகிப்போனாலும் எவருக்கும் தெரியாது. தெரியும் நாள் தீ மூளும் நாளே.

இவ்வேறுபாட்டை விதி வகுத்தோர் நன்கு உணர்ந்தனர். கட்டடத்துக்கு நாள்தோறும் காற்று வழங்கும் விசிறியையே தீ நேரத்திற் புகையடக்கவும் பயன்படுத்தினால், அதனை ஆண்டுக்கு ஒருமுறை சோதித்தாற் போதும் என்றும், புகையடக்குதற்கென்றே தனியாக அமைத்த விசிறியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்தல் வேண்டும் என்றும் அமெரிக்க விதி கூறும். முன்னதன் குறையை நாள்தோறும் உள்ள பயன்பாடே காட்டிக்கொடுக்கும்; பின்னதன் குறையைச் சோதனையன்றி வேறெதுவும் காட்டாது. 1980ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் எம்.ஜி.எம். கிராண்ட் விடுதியில் 85 பேர் மாண்டனர். தீ கீழ்த்தளத்தில்; மாண்டோரிற் பெரும்பாலோர் மேல்தளங்களில். இத்தகைய நிகழ்ச்சிகளே விதிகளை எழுதுவித்தன.

சோதனை என்பது பொத்தானை அழுத்தி விசிறி சுழலும் ஓசையைக் கேட்பதோடு முடிவதன்று. புகையுணர் கருவியை இயக்கி, அதன் ஏவலாற் காற்றுக்கதவுகள் உரியவாறு மூடவும் திறக்கவும் காண்டல் வேண்டும். கதவுகளெல்லாம் மூடியிருக்கையில் ஒவ்வொரு தளத்திலும் அழுத்த வேறுபாட்டை அளத்தல் வேண்டும்; வேண்டிய கதவுகளைத் திறந்துவைத்து மீண்டும் அளத்தல் வேண்டும்; திறக்கும் விசையை வில்தராசாற் காணல் வேண்டும். நகர மின்சாரத்தைத் துண்டித்து, மின்பிறப்பாக்கி அவ்விசிறியைத் தாங்குகின்றதா என்பதையும் அறிதல் வேண்டும். அளந்த எண்ணைச் சென்ற முறை அளந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பதிவேட்டில் எழுதுதல் இவையனைத்தினும் முதன்மையானது. குறை பெரும்பாலும் ஒருநாளில் வருவதில்லை; எண் சிறிது சிறிதாகக் குறைந்து வருவதைப் பதிவேடே காட்டும்.

ஒரு மயக்கத்தையும் இங்கு நீக்குதல் வேண்டும். செயற்கைப் புகையை எழுப்பி, அது கலைந்துபோவதைக் கண்டு மகிழ்ந்து, அமைப்பு நன்று எனச் சான்று கொடுப்பாரும் உளர். செயற்கைப் புகை குளிர்ந்தது. மெய்த்தீயின் புகை கொதிப்பது. வெப்பத்தால் எழும் உந்துவிசை முன்னதற்கு இல்லை. ஆதலின் அது காற்று எத்திசையிற் செல்கின்றது என்பதைக் காட்டுமேயன்றி, தீயின் வேகத்தை விசிறி வெல்லுமா என்பதைக் காட்டாது. ஜோன் குளோட் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1989ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரிற் கைவிடப்பட்ட விடுதியொன்றில் மெய்த்தீயை மூட்டியே படிக்கூட அழுத்த அமைப்பை ஆராய்ந்தார். எல்லாரும் கட்டடத்தைக் கொளுத்திப் பார்த்தல் இயலாது. ஆனால் அழுத்தத்தை அளந்து பார்த்தல் எவர்க்கும் இயலும்.

பல்லேகலையும் நம் கடமையும்

டைட்லரின் கொக்கோ நிழலில் இருந்த பல்லேகலை இன்று வேறு உருவம் கொண்டுள்ளது. அங்கே கைத்தொழிற் பேட்டை உண்டு. 2010ஆம் ஆண்டு டிசம்பரில் முதலாவது டெஸ்ட் ஆட்டம் நடைபெற்ற பன்னாட்டு விளையாட்டரங்கு உண்டு. 2014ஆம் ஆண்டிற் கண்டி போகம்பறையினின்றும் மாற்றப்பட்ட சிறைச்சாலையும் உண்டு. ஒரே கூரையின்கீழ்ப் பலர் வேலை செய்யும் இடம், ஆயிரக்கணக்கானோர் ஒருங்கு கூடும் இடம், தாமாகக் கதவைத் திறந்து போக உரிமையற்றோர் வாழும் இடம் என மூவகையும் ஒரூரில் அமைந்துள்ளன. புகையடக்கும் கலை யாருக்காக வேண்டும் என்று வினவுவோர்க்கு இம்மூன்றையும் காட்டலாம். மூவகை மக்களுக்கும் வேண்டியது ஒன்றே: புகையற்ற வழி, அது புகையற்றதாயிருக்கும் என்பதற்கு அளந்து எழுதிய சான்று.

பெரிய விசிறிகள் இல்லாத கட்டடங்களுக்கும் இது பொருந்தும். கண்டிக் கடைவீதியின் மாடிகளிலும் நம் பாடசாலைகளிலும் புகையைத் தடுக்கும் முதற்கருவி படிக்கூடத்துக் கதவே. அக்கதவை ஆப்பு வைத்துத் திறந்துவிட்டிருப்பதும், படியின்கீழ் உடைந்த வாங்குகளையும் பழைய தாள்களையும் குவித்து வைப்பதும், வெளிவழியைப் பூட்டித் திறப்பை அலுவலகத்தில் தொங்கவிடுவதும் நாம் நாள்தோறும் காண்பன. இவற்றைச் சோதித்தற்குப் பொறியியற் பட்டம் வேண்டா. மாணவர் இருவர் தவணைக்கு ஒருமுறை கட்டடத்தைச் சுற்றிவந்து, கதவு தானாக மூடுகின்றதா, வழி திறந்திருக்கின்றதா, மணி ஒலிக்கின்றதா என எழுதிவைத்தால் அது ஆய்வும் ஆகும், அறமும் ஆகும்.

தருக்க நூலார் அறிவைத் தரும் அளவைகளுட் காட்சியையும் அனுமானத்தையும் வேறுபடுத்துவர். விசிறி இருக்கின்றது, ஆதலால் அது இயங்கும் என்பது அனுமானம்; அதுவும் வழுவுடைய அனுமானம், ஏனெனில் இருந்தும் இயங்காதவை பல. சிக்காகோவின் கூரைத் திறப்பும் இருந்தது. இயக்கிப் பார்த்து, அளந்து, எழுதிவைப்பது காட்சி. தேயிலை மணத்தைக் காப்பதற்கு இம்மலைநாட்டில் ஒன்றரை நூற்றாண்டாக ஒவ்வொரு நாளும் காட்சியையே துணைக்கொண்டனர். எவரும் அனுமானத்தை நம்பிச் சரக்கைக் கப்பலேற்றவில்லை. கொழுந்துக்குக் காட்டிய அவ்விழிப்பைக் கொழுந்து பறித்தவரின் பிள்ளைகளுக்கும் பேரர்க்கும் காட்டுதல் நம் காலத்தின் கடமையாகும். அவர் கற்கும் கட்டடங்களிலும் வேலை செய்யும் கட்டடங்களிலும் உறங்கும் கட்டடங்களிலும் புகை போகும் வழி உண்டோ என்று கேட்பதோடு நில்லாது, அவ்வழி இறுதியாக என்று சோதிக்கப்பட்டது என்றும் கேட்போமாக.